அக்காகிட்ட கேளுங்க: மூணாறு பனியில பொம்மை நிக்குமா?

கேள்வி: அக்கா, நாங்க மூணாறு பக்கம் எஸ்டேட் லயத்துல இருக்கோம். அண்ணன் குடும்பம் கனடாவுல, டொரண்டோல. வீடியோ கால்ல அவங்க பிள்ளைங்க பனியில பொம்மை செஞ்சு கேரட் மூக்கு வச்சு, கோட்டை கட்டி ராஜா ராணின்னு ஒரே கும்மாளம். அதைப் பாத்துட்டு என் 7 வயசு பையன் காலையில கிரவுண்டு பூரா வெள்ளையா கிடந்த பனியை தட்டால வழிச்சு உருட்டிப் பாத்தான், நிக்கவே இல்ல, ஒரே அழுகை. ஃப்ரிட்ஜ் ஐஸை சுரண்டிக் குடுக்கவா? வெளிய விட்டா சளி பிடிக்குமோ?
– ஒரு வாசகி

பதில்: ஃப்ரிட்ஜை விடு தங்கச்சி. புட்டு மாவுல தண்ணி தெளிச்சு பிசிறுனா பிடிச்சா பிடி நிக்கும்ல, அதே கதைதான் இது. டொரண்டோல மேகத்துல இருந்து விழற பனி 0 டிகிரிய ஒட்டி இருக்குற அன்னைக்கு லேசா ஈரமா இருக்கும், அதான் உருட்ட உருட்ட ஒட்டிக்கிட்டே வருது. மைனஸ் 15 அன்னைக்கு அண்ணன் பிள்ளைங்களையே உருட்டச் சொல்லு பாப்போம், வறுத்த மாவு மாதிரி கொட்டிரும். நம்மூர்ல டிசம்பர், ஜனவரியில வர்றது மேகத்துல இருந்து விழறதே இல்ல, காத்துல இருக்குற ஈரம் அப்படியே புல்லு மேல ஐஸா படியுற உறைபனி, கோலப்பொடி தூவுன கனம்தான், வழிச்சு சேக்குறதுக்குள்ள வெயில் வந்துரும். உன்மேல தப்பில்லடான்னு மொதல்ல அவன்கிட்ட சொல்லிரு.

அவனுக்கு வேற வேலை குடு. ஃப்ரிட்ஜ் வராத வெள்ளைக்காரன் காலத்துல அலகாபாத் பக்கம் குளிர்கால ராத்திரியில ஐஸே செஞ்சாங்க தெரியுமா? குழி வெட்டி வைக்கோல் பரப்பி, மேல ஆழமில்லாத மண்தட்டுல தண்ணி ஊத்தி வச்சிருவாங்க, மேகமும் காத்தும் இல்லாத ராத்திரின்னா தண்ணியோட சூடு வானத்துக்குப் போயிரும், மண்ணோட சூடு மேல ஏறாம வைக்கோல் தடுத்துரும், விடியறப்ப தட்டுல ஐஸ். இத்தனைக்கும் காத்து 0 டிகிரிக்கு மேலயே இருக்கும்! உங்க முத்தத்துலயும் சாயங்காலமே தட்டு வைங்க, ஒண்ணு வைக்கோல் மேல, ஒண்ணு வெறுந்தரையில, ஒண்ணு கூரைக்கு அடியில, இன்னொண்ணுல தேயிலைக் கொழுந்து போட்டு. எது உறையும்னு லயத்துப் பிள்ளைங்க பந்தயம் கட்டட்டும். கொழுந்து உள்ள மாட்டுன ஐஸ் வட்டம் கிடைச்சா அது அரண்மனை ஜன்னலோ ராணியோட கண்ணாடியோ, அதை அவங்களே முடிவு பண்ணிப்பாங்க, நீ போய் ஐடியா குடுக்காத. அடிமாலி போறவங்ககிட்ட கமுகம்பாளை, அதான் பாக்கு மரத்து மட்டை, ரெண்டு கேட்டு வை, ஈரப்புல்லுல ஒருத்தன் உக்காந்து ஒருத்தன் இழுத்தா டொரண்டோ பனிச்சறுக்கு வண்டியெல்லாம் பிச்சை வாங்கணும்.

குளிர்ல நின்னதுனால மட்டும் சளி வராது, அதுக்கு வைரஸ் வேணும். ஈர சாக்ஸை மட்டும் உடனே மாத்திரு, கை வெறைச்சா உள்ள கூப்டுரு.

எனக்கு பயமெல்லாம் யானைதான். தட்டைப் பாக்குற ஆசையில இருட்டோட ஓடிருவான், விடாத. நல்லா விடிஞ்சு பெரியவங்க யாராச்சும் வெளிய போய் பாத்த பிறகு போகட்டும். மூணாறுல சுத்துற படையப்பாங்கற காட்டானை வர்ற வழின்னா சொல்லவே வேணாம், நம்ம ஐஸ் தட்டுக்காக அது சுத்திக்கிட்டா போகப்போவுது.