வளந்தாப் பிறகும் குஞ்சுருவம்: கேட்டதுகளுக்குப் பதில்

நியோட்டனி, அதாவது ஒரு விலங்கு இனம்பெருக்கிற பருவத்துக்கு வந்தாப் பிறகும் குஞ்சுப் பருவத்து உடம்போடயே நிக்கிறது, இதைப்பற்றி என்ன கேள்வி எண்டாலும் அனுப்புங்கோ எண்டு சொன்னனான். வந்ததில ஒரே மாதிரியானதுகளைச் சேர்த்துப் பதில் எழுதுறன்.

கேள்வி (ஏஎல் பயோ மாணவி, கோண்டாவில்): சேர், அக்சலோட்டில் எண்டுறது வளர்ச்சி நிண்டுபோன சலமந்தர் தானே?

பதில்: இல்லைப் பிள்ளை, வளர்ச்சி நிக்கேல்லை. சலமந்தர் எண்டுறது பல்லி உருவத்தில இருக்கிற, தவளைச் சாதிப் பிராணி; அக்சலோட்டில் மெக்சிக்கோவில தண்ணிக்குள்ளயே வாழுற ஒரு வகை. உடம்பு ஒரு சாண் நீளத்துக்கு வரும், முட்டையும் போடும். நடக்காமல் விட்டது உருமாற்றம் மட்டும்தான். தலைக்குப் பின்னால பக்கத்துக்கு மூண்டாக் குஞ்சம் கட்டின மாதிரிச் செவுள், மீன் வாங்கேக்க தூக்கிப் பாப்பமே அந்தப் பூத்தான், இதுக்கு வெளியில நிக்கும், பிறகு வாலில செட்டை, இமை இல்லாத கண், எல்லாம் குஞ்சுக்குரியதுகள். 1864ல மெக்சிக்கோவில இருந்து பாரிசுக்குக் கொண்டுபோனதுகளின்ர குஞ்சுகளில சிலது அடுத்த வருசம் செவுள் சுருங்கித் தரைச் சலமந்தரா மாறிச்சுது, அதைப் பார்த்துத்தான் பிரெஞ்சு விலங்கியலாளர் ஒகுஸ்ற் டூமெரில் ஆக்களுக்கு இதின்ர விசயமே வெளிச்சது.

கேள்வி (அதே பிள்ளை): அப்ப எது மாறவிடாமல் தடுக்குது?

பதில்: நல்ல கேள்வி. வாற்பேத்தையைத் தவளையாக்கிற அதே தைரொட்சின் எண்ட ஓமோன் தான் இங்கயும் கதை, அதைச் சுரக்கிறது கழுத்தில இருக்கிற தைரொயிட். அக்சலோட்டிலில மூளைக்கடியில இருக்கிற கபச்சுரப்பி தைரொயிட்டுக்குக் குடுக்கிற தூண்டல் காணாது, அதால ஓமோன் மட்டம் ஏறாது. ஆனா உடம்புக்கு அந்த ஓமோனை விளங்கிற திறன் இன்னும் இருக்கு, தண்ணியில தைரொட்சின் கலந்தா மாறத் தொடங்கும். வட அமெரிக்காவில நெக்ரூறஸ் எண்டு செவுளோடயே வாழுற இன்னொரு சலமந்தர் இருக்கு, அதுக்கு எவ்வளவு குடுத்தாலும் மாறாது. பாருங்கோ, புதுசா ஒரு உறுப்பும் உண்டாகேல்லை, எது முந்தி எது பிந்தி எண்ட நேரம் மட்டும் மாறினதுக்கே வேற வாழ்க்கை வந்திட்டுது. கூர்ப்பில எனக்கு ஆகலும் பிடிச்ச இடம் இதுதான்.

கேள்வி (வேலணை): இதால அதுக்கு என்ன லாபம்?

பதில்: தண்ணி வத்தாத இடமா இருக்கோணும், அதுதான் முதல் விசயம். எங்கட குளங்கள் மாதிரிக் கோடையில வெடிச்சுக் காயிற இடத்தில செவுளோட நிண்டா சாவுதான். ஆனா அக்சலோட்டிலின்ர சொந்த இடமான மெக்சிக்கோவின்ர சொச்சிமில்கோ ஏரி மாதிரி வருசம் முழுக்கத் தண்ணியும் சாப்பாடும் இருந்தா, ஏன் தரைக்கு ஏறோணும்? அக்சலோட்டிலின்ர சொந்தக்காரச் சலமந்தர்களில, நிரந்தரக் குளத்தில இருக்கிறது குஞ்சுருவத்திலயே நிண்டிடும், வத்துற குளத்தில இருக்கிறது உருமாறி வெளிய வந்திடும். ஆனா ஒரு ஏரியையே நம்பி இருக்கிறதில பெரிய ஆபத்து இருக்கு. சொச்சிமில்கோவில 1998ல சதுர கிலோமீற்றருக்கு 6000 அளவில இருந்தது 2014ல 36 அளவுக்கு வந்திட்டுது, தண்ணி பழுதாப்போனதும் வெளிமீனுகளை விட்டதும்தான் காரணம். உண்மையா மனசு நோகுது.

கேள்வி (கமக்காரர், சாவகச்சேரி): தம்பி, உது எல்லாம் வெளிநாட்டுப் பிராணி. எங்கட பக்கம் ஒண்டும் இல்லையோ?

பதில்: இருக்கு ஐயா, உங்கட பப்பாசியிலயே இருக்கு. 2008ல இலங்கைக்குள்ள வந்த அந்த வெள்ளைப் பஞ்சுப் பூச்சியை ஞாபகம் இருக்கும். இலையின்ர பின்பக்கம் பஞ்சை ஈர்க்கால விலக்கிப் பாருங்கோ, மெதுவான மஞ்சள் உடம்போட ஒட்டிக்கொண்டு இருக்கிறது பெண், செட்டை இல்லை, முட்டை போடுற வயசிலயும் குஞ்சின்ர உருவம்தான். ஆண் மட்டும் செட்டை முளைச்சுப் பறக்கும், அதுக்குச் சாப்பிட வாயே இல்லை, கொஞ்ச நாளில செத்துப்போகும். பெண் செட்டைக்குச் செலவழிக்காமல் எல்லாத்தையும் முட்டைக்குப் போடுது, அதாலதான் கொஞ்ச நாளில மரமே வெள்ளையாகுது. மருந்து அடிக்கிறதெண்டா குஞ்சுகள் ஊருற நேரம் அடியுங்கோ, அந்த மெழுகுப் பஞ்சு மூடினாப் பிறகு மருந்து பிடிக்காது.

கேள்வி (பருத்தித்துறை): மனுசனும் குரங்குக்குஞ்சு மாதிரித்தான் எண்டு வாசிச்சன், உண்மையோ அண்ணை?

பதில்: பாதி உண்மை. 1926ல லூயி போல்க் எண்ட ஒல்லாந்து உடற்கூற்றியலாளர் அப்பிடிச் சொன்னவர், தட்டையான முகம், பெரிய மண்டை எல்லாம் சிம்பன்சிக் குஞ்சோட ஒத்துப்போகும், எங்கட மூளை முத்துறதுக்கும் 20 வயசு தாண்டும். ஆனா கால்? பிள்ளைக்குக் கால் கட்டை, வளந்த ஆளுக்கு நீளம், அது நேர் எதிர். முழு மனுசனையும் இதுக்குள்ள அடைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை, ஒவ்வொரு இயல்பாத்தான் பாக்கோணும். பால் செமிக்கிறதைப் பாருங்கோ: முலையூட்டிகளில பால்குடி மறந்தாப் பிறகு பாலில இருக்கிற சீனியைச் செமிக்கிற லக்ரேஸ் நொதியம் குறைஞ்சிடும், ஆனா மாடு வளர்த்துப் பால் குடிச்ச சில சனங்களில பெரியாக்களுக்கும் அது குறையிறேல்லை. குழந்தைப் பருவத்து இயல்பு ஒண்டை வைச்சிருந்ததால வந்த நன்மை எண்டா அது தெளிவான உதாரணம்.

கேள்வி (நல்லூர்): வீட்டுத் தொட்டியில அக்சலோட்டில் வளர்க்கலாமோ?

பதில்: அதுக்கு 16 தொடக்கம் 18 பாகை தண்ணி வேணும் தங்கச்சி. எங்கட சித்திரை வெயிலுக்கு, தண்ணியைக் குளிராக்கிற சில்லர் பூட்டாட்டி, வேண்டாம்.