ஏமாற்றமும் ஊழியமும்: மதுரை விசுவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

திருமங்கலம் சகோதரி: ஐயா, ஸ்தோத்திரம். என் கணவருக்காகச் சபையார் உபவாசித்து ஜெபித்தும் அவர் பிழைக்கவில்லை. என் விசுவாசக் குறைவே காரணம் என்கிறார்கள்.

பதில்: சகோதரி, அப்படிச் சொன்னவர்கள் வேதத்தை அறியாமல் பேசியிருக்கிறார்கள். தம் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் நோயாளியாகவே விட்டுவந்ததாகத் தீமோத்தேயுவுக்கு எழுதும் பவுல், அதற்காக எவருடைய விசுவாசத்தையும் குறை கூறவில்லை. தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி அவரே மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. இப்போது பாட முடியாவிட்டால் ஆராதனையில் மௌனமாக உட்கார்ந்திருங்கள். உங்களுக்கும் சேர்த்துச் சபை பாடட்டும். துக்க வீட்டில் விசுவாசக் குறைவைப் பற்றிப் பேசாதீர்கள் என்று மற்றவர்களை எச்சரிக்கிறேன்.

மேலூர் தம்பி: வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தவறாமல் கொடுத்தும் அரசுத் தேர்வில் தேறவில்லையே?

பதில்: காணிக்கை தேர்வுக் கட்டணம் அன்று, தம்பி. படியுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து உபதேசியார்: பல ஆண்டுகள் உழைத்தும் என் சபை வளரவில்லை, எனக்குப் பின் வந்தவரிடம் கூட்டம் பெருகுகிறது. கர்த்தர் என்னை மறந்தாரா?

பதில்: நம் மதுரையிலேயே இது நடந்திருக்கிறது. 1606இல் இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி இங்கு வந்தபோது, முன்பே ஊழியம் செய்துவந்த அதே சபையைச் சேர்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸால், கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களைப் பேண முடிந்ததேயன்றி, ஊர்க்காரர்களைச் சேர்க்க முடிந்திருக்கவில்லை. புதியவரிடம் ஆட்கள் வந்தார்கள். பெர்னாண்டஸ் அவருடைய முறைகளைக் கண்டித்து மேலிடத்துக்கு எழுதினார். கிறிஸ்தவரானோர் பூணூல், குடுமி வைத்துக்கொள்ள நொபிலி இடமளித்தது பற்றிய அந்த வழக்கு ரோமாபுரிவரை சென்று, 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி அளிக்கும்வரை, நொபிலியும் சந்தேகத்துக்கு உள்ளானவராகவே உழைத்தார். பெர்னாண்டஸின் ஆட்சேபம் கொள்கை சார்ந்தது என்றே கொள்கிறேன். ஆயினும் பலன் காணாத ஊழியனுக்குப் பலன் கண்ட உடன் ஊழியன் எவ்வளவு பெரிய சோதனை என்பது அதில் தெரிகிறது. பரதவரைப் பேணியதும் ஊழியமே. உங்கள் சிறிய சபையைப் பேணுவதும் அப்படியே.

அரசரடி சகோதரர்: கர்த்தர்மேல் எனக்கிருக்கும் கோபத்தை ஜெபத்தில் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வராமலேயே முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை.

பசுமலைப் பெரியவர்: இதை ஏற்க முடியாது. வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களே!

பதில்: பெரியவர் எண்ணாகமம் 14ஐக் குறிப்பிடுகிறார். அங்கே இஸ்ரவேல் ஜனங்கள் கர்த்தரிடம் முறையிடவில்லை. வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்புவோம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூன்று அதிகாரங்களுக்கு முன்னே மோசே, இந்தப் பாரத்தைச் சுமக்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று கர்த்தரிடமே சொன்னபோது, தண்டனை வரவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள் கொடுக்கப்பட்டார்கள்.

பசுமலைப் பெரியவர்: மோசே தீர்க்கதரிசி. நாம் யார்?

பதில்: வேதத்தில் வரும் அன்னாள் பிள்ளையில்லாத ஓர் இல்லத்தரசி. தேவாலயத்தில் மனங்கசந்து அழுத அவளைக் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தவர், வயதில் மூத்த ஆசாரியரான ஏலி. ஐயா, மரியாதையோடு சொல்கிறேன்: அழுகிறவரைத் திருத்த முந்துவது நம் வயதினருக்கு எளிது. துன்பத்தில் புலம்பிய யோபுவைக் குற்றம் சாட்டிய அவன் நண்பர்களும் தேவனுக்காக வாதாடுவதாகவே எண்ணினார்கள். முடிவில் கண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள்தாம்.

திண்டுக்கல்லிலிருந்து இருவர், சோழவந்தானிலிருந்து ஒருவர்: காணிக்கை கொடுத்தும் வேலை, திருமணம் ஆகியவை கைகூடவில்லை.

பதில்: மேலூர்த் தம்பிக்குச் சொன்னதை வாசியுங்கள். இதே கேள்வி மறுபடி வந்தால் பதில் எழுத மாட்டேன்.

உபதேசியார்: ஐயா, இன்னொன்று. எனக்குப் பல மாதச் சம்பளம் நிலுவையில் உள்ளது. கேட்டால் அவிசுவாசம் ஆகுமோ?

பதில்: ஆகாது. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். சபைகளை நிர்வகிக்கும் சேகரக் குழுவிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.