பால்வாடிப் பிள்ளைக்குப் புத்தகம்: கேட்டார்கள், சொன்னேன்

பால்வாடி டீச்சராக 26 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் மாதம் ஒரு புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். திருப்பி வாங்குவதில்லை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

தேவகோட்டைக்காரர், சிங்கப்பூரிலிருந்து: டீச்சர், எங்கள் பிள்ளைகள் படித்து முடித்த ஆங்கிலப் புத்தகங்கள் நாலு பெட்டி இருக்கின்றன. கலைக்களஞ்சியம் ஒரு செட்டும் உண்டு. ஊருக்கு வரும்போது கொண்டு வரட்டுமா?

கலைக்களஞ்சியத்தை ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏறி நிற்கிற முக்காலியாகத்தான் உதவும். மற்றதில் கெட்டி அட்டை, பெரிய படம், எழுத்து குறைவு என்று இருப்பதை மட்டும் எடுத்து வையுங்கள். கிழிந்தது, யார் பேரோ எழுதி அடித்தது வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல் புத்தகம் அது.

பெட்டி அனுப்புகிற செலவில் தமிழில் புதிதாகவே வாங்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் மூவருமே தமிழில் படக்கதைகள் போடுகிறார்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஒருமுறை செய்தேன், கலர் பிரிண்ட் கடைக்காரர் சொன்ன கணக்கில் புத்தகமே மலிவு என்று தோன்றியது. அச்சடிப்பதானால் ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், பிள்ளை வாயில் போட்டுவிடும். நூலால் தைத்துவிடுங்கள்.

பாட்டுப் புத்தகங்களையும் மறக்க வேண்டாம். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரம் நமக்குப் பக்கம்தானே.

முறுக்கு சுற்றப் போகிற அம்மா, காரைக்குடி: டீச்சர், நான் மூணாவதோட நின்னுட்டேன். எழுத்துக் கூட்டவே தடுமாறும். எம்பிள்ளைக்கு எப்படி வாசிச்சுக் காட்டுறது?

வாசிக்கவே வேண்டாம் தாயி. படத்தைக் காட்டிப் பேசு.

கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டுக்குக் காவலிருக்கும் குடும்பம். அய்யாவும் அப்பத்தாவும் மகன் வயிற்றுப் பேத்தியும் முகப்பை ஒட்டிய அறையில் இருக்கிறார்கள். உள்ளே பர்மாத் தேக்குத் தூண். இவர்கள் அறையில் கேலண்டரைத் தவிர அச்சடித்த தாள் கிடையாது. குளத்தில் குளிக்கிற யானை படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அப்பத்தாவுக்குக் கைநாட்டு. யானையைப் பார்த்ததும், “இவரு யாரு? நம்ம பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரு” என்று ஆரம்பித்துவிட்டார். குளம் பிள்ளையார்பட்டி ஊருணி ஆயிற்று. கரையில் நின்ற பையன் கொழுக்கட்டை கொண்டுவந்தவன் ஆனான். ராத்திரிக்கு ராத்திரி இதே கதை.

அடுத்த மாதம் போனபோது அந்தப் புத்தகத்தை நான் வாசித்துக் காட்டினேன், அச்சில் இருந்தபடியே. மூன்று வயசு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, “டீச்சர், தப்பாப் படிக்கிறீங்க” என்றாள். அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எந்தப் பக்கத்தில் எந்த வார்த்தை வரும் என்று அந்தப் பிள்ளைக்கு மனப்பாடம். பக்கத்துக்கும் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்பது பிடிபட்டுவிட்டது. அ, ஆ பிறகு வரட்டும்.

டாலி பார்ட்டன் என்று ஒரு அமெரிக்கப் பாடகி. அவர் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை மனதில் வைத்துத்தான் 1995இல் தன் சொந்த ஊர்ப் பக்கமான டென்னசியில், பிறந்ததிலிருந்து ஐந்து வயதுவரை மாதம் ஒரு புத்தகம் தபாலில் இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். நான் மாதக் கணக்கு வைத்தது அதைப் பார்த்துத்தான்.

புதுவயல் வாசகர்: சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற வீட்டுக்கு அரிசி பருப்பு கொடுத்தால் புண்ணியம். புத்தகம் நூலகத்தில் இருக்கிறதே?

அரிசியும் கொடுங்கள், யார் தடுத்தது? ஆனால் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர், நூலகம் திறந்திருக்கும் நேரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவாரா? போனாலும், “கிழித்துவிட்டால் பணம் கட்டணுமே” என்கிற பயத்தில் எடுக்க மாட்டார். நானே பார்த்திருக்கிறேன்.

வசதியான நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 2001இல் வந்த ஓர் ஆய்வு கடை கடையாகப் போய் எண்ணியது. வசதியான பகுதி ஒன்றில் ஒரு பிள்ளைக்கு 13 புத்தகம் என்ற கணக்கில் விற்பனைக்கு இருந்தது. ஏழைகள் இருக்கும் பகுதி ஒன்றில் 300 பிள்ளைகளுக்கு ஒன்று. பாஸ்டனில் 1989லேயே ஒரு அரசு மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்கள் பரிசோதனைக்கு வரும் பிள்ளை கையில் புத்தகம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். நம் ஊரில் தடுப்பூசி போடும் நாளில் இதைச் செய்யலாம். செவிலியர் ஒருவர் சரி என்றால் போதும், நான் பையோடு வந்து நிற்பேன்.

கண்டனூர் அப்பா: ஒரு வயசுப் பையன், புத்தகத்தைக் கடிக்கிறான்.

கடிக்கட்டும். கெட்டி அட்டையாக வாங்குங்கள், ஈரத்துணியால் துடையுங்கள். அலமாரியில் எட்டாத உயரத்தில் வைத்தால் அது உங்கள் புத்தகம்.

கோட்டையூர் இளைஞர் மன்றம்: அக்கா, நூறு பிள்ளைகளுக்கு மேடையில் வைத்துக் கொடுக்கலாமா? சிறப்பு விருந்தினர், பேனர், போட்டோ எல்லாம் ஏற்பாடு செய்கிறோம்.

மேடை வேண்டாம் தம்பி. வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் பிள்ளை அழும், அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். பேனர் காசில் இன்னும் எத்தனை புத்தகம் வாங்கலாம் என்று மன்றத்துப் பொருளாளரைக் கேளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு இரண்டு பேராகப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பக்கம் காட்டிவிட்டு வாருங்கள். போட்டோ வேண்டுமானால் காலிப் பெட்டியோடு நீங்கள் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.