ஐந்தாவது ஆள் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். மகள் பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. டிவிஷன் ஒன், அதாவது கல்லூரி விளையாட்டின் மேல்தட்டு, என்று பெயர்தான் பெரிது, அவளுடைய கிராஸ் கன்ட்ரி (புல்வெளியிலும் மேட்டிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டம்) டீம் இந்த சீசன் முழுக்க அடிவாங்கிக்கொண்டே இருக்கிறது. போன வாரம் கான்ஃபரன்ஸ் போட்டியில், அதாவது எங்கள் கல்லூரிக் கூட்டமைப்புக்குள் நடக்கும் போட்டியில், கடைசி இடம். இருக்கிற எட்டுப் பெண்களில் இரண்டு பேர் அடிபட்ட காலில் மருத்துவ பூட் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். இன்னொருத்திக்கு முன்னங்கால் எலும்பில் வலி, ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. ஒரு முதலாண்டுப் பெண் ரெட்ஷர்ட், அதாவது இந்த வருடம் பயிற்சி மட்டும், போட்டி கிடையாது. மிச்சம் நாலு பேர், என் மகளையும் சேர்த்து.

அடுத்த வெள்ளிக்கிழமை ரீஜனல், தேசியப் போட்டிக்கு முந்தைய வட்டாரச் சுற்று. "போனால் முழு டீமாகப் போவோம், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம், ஓய்வெடுத்து இன்டோர் (உள்ளரங்க ஓட்டப் பந்தய) சீசனுக்குத் தயாராவோம், நீங்களே கைதூக்கி முடிவு பண்ணுங்கள்" என்று கோச் சொல்லியிருக்கிறார். மகள் போகவேண்டும் என்கிறாள். தோற்கப்போவது தெரிந்தே போய் நிற்பதில் என்ன இருக்கிறது என்று அவள் அப்பா கேட்கிறார். அன்றைக்கே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பரீட்சை வேறு. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்? அவள் போனால் நாங்களும் போய்ப் பார்க்கலாமா, அவளுக்குத் தொந்தரவாக இருக்குமா?

பெயர் போடவேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகள் ஓடட்டும். முன்னங்காலில் வலியிருக்கும் அந்தப் பெண் ஓடக்கூடாது. தனித்தனியாக எடுக்கவேண்டிய இந்த இரண்டு முடிவுகளையும் கோச் ஒரே முடிச்சாகப் போட்டு, கைதூக்கச் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த விளையாட்டைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு டீமுக்கு ஏழு பேர் வரை ஓடலாம். முதலில் வரும் ஐந்து பேருடைய இடங்களைக் கூட்டினால் டீமின் புள்ளி. குறைந்த புள்ளி எடுத்தவர்களுக்கு வெற்றி. முதல் ஐந்து இடத்தையும் ஒரே டீம் பிடித்தால் 15, அதற்குக் கீழே போக வழியில்லை. ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் சொந்தக் கணக்கில் சேராது, ஆனால் அவர்கள் முந்துகிற எதிரணிக்காரர்களின் புள்ளி ஏறும். ஐந்து பேர் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை என்றால் டீம் கணக்கே கிடையாது. ஓடிய நாலு பேருக்கும் தனித்தனியாக இடமும் நேரமும் பதிவாகும், டீம் பட்டியலில் மட்டும் கல்லூரியின் பெயர் வராது.

ஆக, முதல் ஆள் எவ்வளவு பெரிய வீராங்கனையாக இருந்தாலும் டீமின் தலையெழுத்து ஐந்தாவது ஆளிடம் இருக்கிறது. 2023இல் வர்ஜீனியாவில் நடந்த தேசியப் போட்டியில் பெண்கள் பட்டத்தை நார்த் கரோலினா ஸ்டேட் 123 புள்ளியில் ஜெயித்தது, நார்தர்ன் அரிசோனாவுக்கு 124. ஆறு கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகு, ஐந்து பேரில் யாரோ ஒருத்தி கடைசி வளைவில் இன்னும் ஒரே ஒரு ஆளை முந்தியிருந்தால் கதை வேறு. அதற்கு முந்தைய வருடம் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் ஆண்கள் போட்டி இன்னும் மோசம். நார்தர்ன் அரிசோனாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் ஆளுக்கு 83. முதலாமவருக்கு முதலாமவர், இரண்டாமவருக்கு இரண்டாமவர் என்று ஐந்து ஜோடியாக நிறுத்திப் பார்த்துத்தான் நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். அதுவும் ஓக்லஹோமா ஸ்டேட்டின் சொந்த மைதானத்திலேயே!

நான் இந்த விளையாட்டை விரும்புவதற்கு இந்த ஐந்து பேர் கணக்குதான் முதல் காரணம். உங்கள் மகளின் டீமை இப்போது கழுத்தைப் பிடித்திருப்பதும் அதே கணக்குதான். நாலு பேர் நலமாக இருக்கிறார்கள், ஐந்து பேர் வேண்டும். கைதூக்கச் சொன்னால் எல்லாக் கண்ணும் எங்கே திரும்பும்? அந்த முன்னங்கால் வலிக்காரப் பெண்ணிடம். அவளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. மூன்று மாதமாகக் கூடவே ஓடி, கூடவே சாப்பிட்டு, ஒரே வேனில் தூங்கிப்போன தோழிகள் முன்னால் "என்னால் முடியாது" என்று எப்படிச் சொல்வாள்? "பரவாயில்லை, இப்போது அவ்வளவு வலி இல்லை" என்பாள். கேட்பவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். இந்தப் பெண்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருவர்மேல் ஒருவர் பாசமாக இருப்பதுதான் இங்கே ஆபத்து.

அந்தப் பெண்ணின் முன்னங்கால் எலும்பில் ஒரு விரல் வைத்து அழுத்தினால் ஒரே புள்ளியில் சுள்ளென்று வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கிறதா, ஓடாத நேரத்திலும் ராத்திரியிலும் வலிக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் அது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராக இருக்க வாய்ப்புண்டு, ஸ்கேன் வரும்வரை ஓடவே கூடாது. எலும்பில் மயிரிழை அளவில் இருக்கும் கீறல் ஆறு கிலோமீட்டர் பந்தயத்தில் முழு முறிவாகலாம். சில வாரத்தில் ஆறவேண்டியது பல மாதமாகும். ஏற்கெனவே இரண்டு பேர் பூட் போட்டிருக்கிற டீமில் மூன்றாவதாக ஒருத்தி எலும்பு வலி என்கிறாள் என்றால், அந்த டீமின் பயிற்சி அளவையும் சாப்பாட்டையும் யாராவது உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போகாதபோது உடம்பு எங்கெங்கே கைவைக்கும் என்பதற்கு மருத்துவர்கள் 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் அதை முறையாக அறிவித்தது. பெண்களுக்கு முதல் அறிகுறி பெரும்பாலும் மாதவிடாய் தள்ளிப்போவது. 'ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும்' என்று ஓட்டப் பெண்களே சொல்லிக்கொள்வார்கள். இல்லை, அப்படி இருக்கக்கூடாது. இதை உங்கள் மகளிடமும் வெளிப்படையாகக் கேளுங்கள். வீட்டில் சைவம் என்றால் ரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்கிறது, அதிலும் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் காபி குடிக்கிற நம் பழக்கம் மிச்சத்தையும் கெடுக்கிறது.

எலும்பு வலி விஷயத்தில் முடிவெடுக்க கோச்சுக்கு அதிகாரமே கிடையாது. விளையாட்டுக் காயங்களைக் கவனிக்கும் கல்லூரியின் அத்லெடிக் ட்ரெய்னரும் மருத்துவரும் "ஓடக்கூடாது" என்றால் அதைத் தலைகீழாக்க கோச்சால் முடியாது, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. அதனால் இதில் ஓட்டெடுப்புக்கே இடமில்லை. அந்தப் பெண்ணின் பெயரை அந்த அறையில் யாரும் எடுப்பதற்கு முன்னால் அவள் ட்ரெய்னரைப் பார்த்துவிட்டு வந்திருக்கவேண்டும். உங்கள் மகள் செய்யக்கூடிய பெரிய உதவி அவளைக் கூட்டிக்கொண்டு போவதுதான்.

அடுத்து அந்த ரெட்ஷர்ட் பெண். இவளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே வரிதான், ஆனால் டீம் அடுத்துக் கண்வைக்கப்போவது இவள்மேல்தான். இதுவரை இருந்துவரும் கணக்குப்படி ஒரு மாணவிக்கு ஐந்து வருடத்துக்குள் நாலு சீசன். ஓடாமல் வைத்திருந்த வருடம் கடைசியில் கைக்கு வரும். சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்துவிட்டு, நவம்பரில் ஒரே ஒரு பந்தயத்தில் கல்லூரிச் சட்டையைப் போட்டு நின்றால், அந்த ஒரு மதியத்துக்காக ஒரு முழு சீசன் செலவாகிவிடும். இருபத்தைந்து நிமிஷத்துக்கும் குறைவான ஓட்டத்துக்குக் கொடுக்கும் விலை அது. அவளாகவே விவரம் தெரிந்து வருகிறேன் என்றால் வரட்டும். அதற்கு முன் விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு அவள் ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கவேண்டும். "டீமுக்காக" என்று பதினெட்டு வயதுப் பெண்ணை இழுத்துவிடக் கூடாது.

மிச்சம் நாலு பேர். நாலு பேர் போகலாமா என்றால் தாராளமாகப் போகலாம். டிவிஷன் ஒன்னில் ரீஜனலுக்கு யாரும் தகுதி பெற்று வரவேண்டியதில்லை, கல்லூரி பெயர் கொடுத்தால் போதும். ஐந்து பேர் இல்லாத கல்லூரிகள் இரண்டு மூன்று பேரை அனுப்புவதும் வழக்கம்தான். 'எல்லோரும் அல்லது யாருமில்லை' என்பது கோச்சின் சொந்த விதி.

அவரை வில்லனாக்க நான் தயாரில்லை. ரீஜனலைத் தவிர்ப்பதில் நியாயமான காரணங்கள் உண்டு. வேன், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சின்னக் கல்லூரிக்குச் செலவுதான். செப்டம்பரிலிருந்து ஓடிக் களைத்த கால்களுக்கு டிசம்பரில் இன்டோர் தொடங்குவதற்குள் இரண்டு வார ஓய்வு கிடைத்தால் நல்லது. தேசியப் போட்டிக்குப் போவது உறுதி என்று தெரிந்த பெரிய டீம்களே ரீஜனலில் நட்சத்திர ஆளை உட்காரவைத்துவிட்டு மற்றவர்களை நிதானமாக ஓடவிடுவதுண்டு. அதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை.

ஆனால் கோச் சொல்லும் ஓய்வு நிஜமான ஓய்வா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரீஜனலுக்குப் போகாவிட்டால் அந்த வாரப் பயிற்சி அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஓட்டமில்லை, அடுத்த பத்து நாள் நீச்சலும் நடையும் என்றிருந்தால் அவர் உண்மையாகவே ஓய்வு கொடுக்கிறார், அதை மதிக்கலாம். செவ்வாய்க்கிழமை ஆயிரம் மீட்டர் ஆறு தடவை, சனிக்கிழமை நீண்ட ஓட்டம் என்றிருந்தால்? அவர் கால்களைக் காப்பாற்றவில்லை. முடிவுப் பட்டியலில் கடைசி வரியில் கல்லூரிப் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறார். கடைசி இடம் வந்த கோச்சுக்கு அந்தப் பயம் இருப்பது எனக்குப் புரிகிறது, அவருடைய வேலையும் அதில்தான் தொங்குகிறது. ஆனாலும் அந்தக் கணக்கைப் பெண்களின் தலையில் கட்டக்கூடாது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். தோற்கப்போவது தெரிந்தே எதற்கு ஓடவேண்டும்? நாடு முழுக்க ஒன்பது ரீஜன்கள். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு டீம்கள் தேசியப் போட்டிக்கு நேரடியாகப் போகும், இன்னும் 13 டீம்களை சீசன் வெற்றிகளைப் பார்த்துச் சேர்ப்பார்கள், மொத்தம் 31. பென்சில்வேனியா இருக்கும் மிட்-அட்லான்டிக் ரீஜனில் இருநூறு பேர் அளவில் ஓடுவார்கள். அதில் முன்னால் போகிற முப்பது நாற்பது பேரைத் தவிர மற்ற யாருக்கும் அன்றைக்குப் பிறகு கிராஸ் கன்ட்ரி இல்லை. தோற்பவர்கள் விலகிக்கொள்வதென்றால் அந்த மைதானத்தில் பந்தயமே நடக்காது. 150ஆவது இடத்தில் ஓடுகிற பெண்ணுக்கும் 151ஆவது பெண்ணுக்கும் நடுவே நடக்கும் சண்டையைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறீர்களா? தொடை வரைக்கும் சேறு, எச்சில் கன்னத்தில் காய்ந்திருக்கும், தோள் இரண்டும் காதுக்கு ஏறியிருக்கும், முன்னால் போகிறவளின் சட்டையில் எழுதியிருக்கும் கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு வருவாள். அந்தக் கல்லூரி கான்ஃபரன்ஸில் இவளை ஜெயித்த கல்லூரியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் மகளுக்கும் அதைத்தான் சொல்வேன். கான்ஃபரன்ஸ் முடிவுப் பட்டியலை எடுத்து, தனக்கு முன்னால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடித்தவர்களில் ரீஜனலுக்கு வருகிற இரண்டு பேரைக் குறித்துக்கொள்ளட்டும். டீம் புள்ளி இல்லாவிட்டால் என்ன, துரத்துவதற்கு ஆள் இருக்கிறதல்லவா? அந்த நாலு பேரில் நாலாம் ஆண்டு மாணவிகள் இருந்தால் அவர்களுக்கு இது கடைசி கிராஸ் கன்ட்ரி பந்தயம். அவர்கள் ஓடட்டும் என்று மற்றவர்கள் விட்டுக்கொடுப்பதும் டீமாக இருப்பதுதான்.

பரீட்சை விஷயத்தை இன்றைக்கே முடித்துவிடச் சொல்லுங்கள். போட்டிக்காக வகுப்பைத் தவறவிடும் மாணவர்களுக்கு அத்லெடிக்ஸ் அலுவலகம் பயணக் கடிதம் கொடுக்கும். அதை வைத்துக்கொண்டு பேராசிரியரிடம் நேரில் போய் வேறு நாள் கேட்கவேண்டும். முந்தின நாள் ராத்திரி மின்னஞ்சலில் கேட்டால் எந்த ஊர்ப் பேராசிரியரும் கடுப்பாவார். அவர் மறுத்துவிட்டால் பரீட்சையை எழுதட்டும், ரீஜனல் அடுத்த வருடமும் வரும், மூன்றாம் ஆண்டுதானே.

நீங்கள் இரண்டு பேரும் கட்டாயம் போங்கள். நவம்பர் மைதானம் ஈரமாக இருக்கும், ரப்பர் பூட்ஸ் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்பார்கள், அங்கே நின்றால் உங்கள் குரல் அவளுக்குக் கேட்காது. நாலாவது கிலோமீட்டர் பக்கம் போய் நில்லுங்கள். அங்கே ஆள் அதிகம் இருக்காது, ஓடுகிறவர்களுக்கு மனசு விட்டுப்போகிற இடமும் அதுதான். 'கமான் கமான்' என்று கத்துவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் எத்தனை விநாடி தள்ளிப் போகிறார்கள் என்பதை மட்டும் அவள் அப்பாவைத் தமிழில் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர்களுக்குப் புரியாது, அதுவும் ஒரு வசதி.