புலம்பெயர் காசு 15 இலட்சம்: பங்கு போடுவதா, ஆலை போடுவதா?

கேள்வி: யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் செயலாளர் நான். உயர்தரம் முடித்தும் முடிக்காமலும் 30 பெடியள், பெட்டையள் வேலையில்லாமல் நிற்கிறார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் 15 இலட்சம் ரூபா தரச் சம்மதித்திருக்கிறது. ஆளுக்கு 50,000 கொடுத்துவிடலாம் என்கிறார்கள் நிர்வாகத்தில் பாதிப்பேர். கறித்தூள் ஆலை போடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். பங்கு போட்டால் காசு ஒரே நாளில் முடிந்துவிடும். அடுத்த வருடம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு அதில் ஒரு சதமும் இருக்காது. ஆலை போட்டால் விற்பனை தொடங்க முன்னரே மாதச் சம்பளமும் மின்கட்டணமும் கழுத்தைப் பிடிக்கும். இந்தக் காசு ஊருக்குள் சுழல வேண்டும்.

10 இலட்சத்தை 20 பேருக்கு 50,000 வீதம் கடனாகக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மாதம் 2,500 திருப்பிக் கட்டினால் மாதம் 50,000 திரும்பி வரும். அதாவது மாதத்துக்கு ஒரு புதிய ஆளுக்குக் கடன் கொடுக்கலாம். 20 மாதத்தில் இன்னும் 20 பேர். சீட்டுப் பிடித்துப் பழகிய எந்த அம்மாவுக்கும் இந்தக் கணக்கு உடனே விளங்கும். மூன்று பேர் கட்டாமல் விட்டால் வரவு 42,500 ஆகிவிடும், அடுத்தவர் காத்திருக்க வேண்டி வரும். அதையும் முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வட்டியில் மிகக் கவனமாக இருங்கள். ‘மாதம் 2 வீதம்தான்’ என்று சொல்லி முழுத் தொகைக்கும் கடைசி மாதம்வரை வட்டி போட்டால், 50,000 ரூபாவுக்கு 20 மாதத்தில் 20,000 ரூபா வட்டி. அதே 2 வீதத்தைக் குறைந்துவரும் மீதிக்குப் போட்டால் 10,500 மட்டுமே. வடக்கில் எத்தனையோ பெண்கள் நுண்கடனுக்குள் சிக்கி, வாசலில் வந்து நிற்கும் ஆட்களுக்குப் பயந்து வாழ்ந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். 2018 இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஊர்க் காசும் அதே வழியில் போகக்கூடாது. மீதிக்கு மாதம் 1 வீதம் போதும், அது நிர்வாகச் செலவுக்குக் காணும். தவணையையும் தொழிலுக்கு ஏற்ப வையுங்கள்: வெங்காயம் கிண்டி விற்கும் மாதத்தில் கூடுதலாக, கடலுக்குப் போக முடியாத மாதத்தில் குறைவாக.

கடன் கொடுக்கும் வேலையை நிலையம் தனியே செய்ய வேண்டாம். பொதுமக்களிடம் வைப்புப் பிடித்துக் கடன் கொடுக்கச் சட்டப்படி உரிமம் வேண்டும். உங்கள் பகுதியில் ஒழுங்காக இயங்கும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அதனுடன் எழுத்தில் உடன்பாடு செய்யுங்கள். பதிவேடு, கணக்காய்வு, வசூல் எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கும். கூட்டுறவு உதவி ஆணையாளர் அலுவலகத்தில் விசாரித்தால் எந்தச் சங்கத்தின் கணக்கு ஒழுங்கில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த 30 பேரின் பட்டியலை யார் எழுதியது? எங்கள் ஊர்களில் கூட்டம் கோயில் மண்டபத்தில் பின்னேரம் நடக்கும். அங்கே வந்து கதிரையில் இருந்து கதைக்கிறவர்களின் பிள்ளைகள்தான் பட்டியலில் ஏறுவார்கள். கள்ளுச் சீவல் தொழில் செய்யும் குடும்பத்துப் பெடியன், இடம்பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் இருக்கும் குடும்பத்துப் பிள்ளை, சக்கர நாற்காலியில் இருப்பவர், கைப்பிள்ளையோடு தனித்து நிற்கும் பெண் ஆகியோரின் பெயர்கள் தானாக வரமாட்டா. சாதி இதற்குள் வேலை செய்கிறது. அதை மூடிமறைத்துக்கொண்டு ‘ஊர் முன்னேற்றம்’ என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கிராம அலுவலரிடமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும் கேட்டு, வீடு வீடாகப் போய்ப் பட்டியலைத் திரும்ப எழுதுங்கள். கடன் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். அரச உத்தியோகத்தர் பிணை கேட்கவே வேண்டாம். அந்த ஒரு நிபந்தனையே காணியில்லாத குடும்பங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

எல்லோருக்கும் கடன் தேவைப்படாது. அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் பல கற்கைகளுக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகள் இடையில் விடுவது பஸ் காசுக்கும், விட்டுப்போகும் நாட்கூலிக்குமாகத்தான். அதற்கென்று 3 இலட்சம் ஒதுக்குங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. மென்பொருள் பக்கம் நாட்டமுள்ளவர்களுக்கு யாழ் ஐ.டி. ஹப் தொடங்கிய ‘ஊக்கி’ என்ற மென்பொருள் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஏற்கெனவே மேசன் வேலையோ மோட்டார் சைக்கிள் திருத்தமோ தெரிந்து, கையில் சான்றிதழ் மட்டும் இல்லாதவர்களை அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவுக்கு (NAITA) அனுப்புங்கள். முன்பு கற்ற தொழிலைச் செய்முறையில் பரீட்சித்து என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற அங்கே வழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது உதவும்.

இனிக் கறித்தூள். அதை முழுக்கக் கைவிடச் சொல்லவில்லை, இயந்திரம் வாங்குவதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன். இங்கே பாதி வீடுகளில் தாங்களே வறுத்துத் திரிக்கிறார்கள். உங்கள் தூளை வாங்கும் ஆள் கொழும்பிலோ வெளிநாட்டிலோதான் இருப்பார். விருப்பமுள்ள நான்கைந்து பேர் ஊர் ஆலையிலேயே 10 கிலோ திரித்து விற்றுப் பார்க்கட்டும். கணக்குப் போடும்போது வறுவலில் நிறை குறைவதை மறக்க வேண்டாம். மல்லியும் மிளகாயும் 10 கிலோ போட்டால் தூள் 10 கிலோ வராது. ஆலைக் கூலி, பை, லேபிள், விற்காமல் திரும்பி வரும் பொதிகள், முக்கியமாகத் தங்கள் சொந்தக் கூலி எல்லாவற்றையும் சேர்த்த பிறகும் மிச்சம் வந்தால் தொடரலாம். பொதிசெய்தலுக்கும் பயிற்சிக்கும் பிரதேச செயலகத்தின் விதாதா வள நிலையத்தை நாடுங்கள். சமைக்கும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முதலே காட்டிவிடுங்கள்.

கூட்டாகத் தொடங்கும் நண்பர்கள் கட்டாயம் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். போடும் மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்டால், எழுதிக் கையெழுத்திடாத பங்குடைமை இலங்கைச் சட்டத்தில் செல்லாது. ‘நாங்கள் ஒன்றாகப் படித்தவர்கள்தானே’ என்று தொடங்கிய எத்தனையோ கடைகள் ஒரு வருடத்துக்குள் சண்டையில் மூடியிருக்கின்றன.

மிச்சம் 2 இலட்சத்தை வங்கியில் நட்டத்துக்கென்று விட்டுவையுங்கள். கனடாச் சங்கத்திடம் முழுக் காசையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். முதற் பத்துப் பேருக்கான 5 இலட்சத்தை மட்டும் கேளுங்கள், ஆறு மாதத் தவணை விவரத்தைக் காட்டிவிட்டு அடுத்ததை வாங்குங்கள். அந்த விவரத்தை மாதாமாதம் நிலையத்தில் பத்திரிகை வாசிக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கடன் எடுத்தவரின் பெயர் வேண்டாம், இலக்கம் போதும்.