தலைப்பை விடுங்கள், ஒரு வகுப்பைப் பாருங்கள்

கேள்வி: தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழ்ப் பிரிவை வழிநடத்துகிறேன். இந்த ஆண்டு செயலாய்வு, அதாவது ஆசிரியர்களே தம் வகுப்பில் ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து ஆராய்வது, செய்யும்படி முதல்வர் சொல்லியிருக்கிறார். ‘மாணவர்களின் பேச்சுத்திறனை மேம்படுத்துதல்’ என்று தலைப்பும் வைத்துவிட்டேன். உடன் பணியாற்றும் இரு ஆசிரியர்களும் “இன்னோர் அறிக்கையா?” என்று சலித்துக்கொள்கிறார்கள். எப்படித் தொடங்குவது?
- வாசகி, தெம்பனிஸ், சிங்கப்பூர்

அன்புச் சகோதரி,

அவர்களுடைய சலிப்பு நியாயமானது. 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் செயலாய்வைப் பற்றி எழுதியபோது, திட்டமிட்டு, செய்து பார்த்து, விளைவைக் கண்டறிந்து, அதைக்கொண்டு அடுத்த அடி வைப்பதையே வலியுறுத்தினார். நம் பள்ளிகளில் பல நேரம் அறிக்கை முந்திக்கொள்கிறது.

உங்கள் தலைப்பு மிகப் பெரியது. வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் காணொளியைப் பார்த்த பிள்ளை “ஆமாம், பிடிக்கும்” என்று சொல்லி நின்றுவிடுகிறது, இல்லையா? அங்கே தொடங்குங்கள். பிள்ளை நின்றதும் நாம் என்ன செய்கிறோம்? ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டினார். வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடியெடுக்க இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படலாம். அதைத்தான் சோதித்துப் பாருங்களேன்.

முதலில் உங்கள் வகுப்பைப் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிட உரையாடல் போதும். கேள்விக்கும் நீங்கள் மறுபடி வாய் திறப்பதற்கும் இடையே எத்தனை விநாடி, பிள்ளை எத்தனை சொல் பேசியது என்று குறித்து, அந்தத் தாளை இரு ஆசிரியர்களிடமும் காட்டுங்கள். தலைவரே தம் வகுப்பைத் திறந்து காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கும் துணிவு வரும். அவர்களுடைய பதிவுகள் பணி மதிப்பீட்டுக்குப் போகாது என்று முதல்வரிடமே உறுதி வாங்கிவிடுங்கள். இது மிக முக்கியம். அந்த அச்சம் இருக்கும்வரை நல்ல பாடங்கள் மட்டுமே பதிவாகும். உங்களுக்கு வேண்டியதோ தடுமாறிய பாடம்.

வகுப்பில் பன்னிரண்டு பேர் இருந்தால் சதவிகிதம் போடாதீர்கள். மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதற்கு முன்னும் பின்னும் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவைத்தால் மாற்றம் தானே தெரியும். மாறவில்லையென்றால் அதையும் எழுதி, வேறு வழியைச் சோதியுங்கள். முதல்வருக்கு அரைப் பக்கம் போதும்.

தொடக்கநிலை ஆறை இதில் சேர்க்க வேண்டாம். ஆகஸ்டில் அவர்களுக்கு வாய்மொழித் தேர்வு. நான்காம் வகுப்பில், ஒரே ஒரு தவணைக்கு முயன்று பாருங்கள்.