மடக்குக் கத்திக்கு இடுப்பு உறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு ஏலத்தோட்டங்களிலிருந்தும் வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்து இங்கே விடை அளித்திருக்கிறேன்.

கேள்வி: திராட்சைத் தோட்ட வேலைக்கு மடக்குக் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு உறை தைக்க எந்தத் தோல் ஏற்றது? கடையில் அதை எப்படி அடையாளம் காண்பது? (கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: பட்டை பதனிட்ட மாட்டுத் தோலோ எருமைத் தோலோ வேண்டும், கனம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இருக்கலாம். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரத் துவர்ப்பில் ஊறிப் பதமான தோல், தண்ணீர் பட்டால் இளகி, காயும்போது அழுத்திக் கொடுத்த வடிவத்திலேயே இறுகிவிடும் என்பதால்தான் உறைக்கு அது சிறந்தது. செருப்பின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் பெரும்பாலும் பயன்படும் குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோல், மென்மையானது, நனைந்தாலும் எளிதில் கெடாதது. ஆனால் அது வடிவத்தைப் பிடித்து நிற்காது. அதனால் சில மாதங்களில் உறையின் வாய் தளர்ந்து, குனியும்போது கத்தி நழுவி விழும்.

இரண்டையும் பிரித்தறிய, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலமோ சாம்பல் நிறமோ தெரியும். சாயம் ஏறியிருந்து ஐயம் தீராவிட்டால், விரலகலத் துண்டு ஒன்றைக் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் சுருண்டு கட்டிப்படும், நன்கு பதனிட்ட குரோம் தோல் ஏறத்தாழ அப்படியே இருக்கும். தோலைக் கொளுத்திச் சாம்பலின் நிறம் பார்க்கும் வழக்கமும் உண்டு. குரோம் கலந்த புகையைச் சுவாசிக்க நேரும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

திண்டுக்கல், திருச்சி பக்கம் பட்டையில் பதனிடும் தோல் நெடுங்காலமாகப் பெயர் பெற்றதுதான். ஆனால் அதில் பெரும்பங்கு ஆட்டுத் தோல் என்பதால், உறைக்குள் ஒட்டும் உள்தோலாக மட்டுமே அது உதவும். தடித்த தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் விசாரிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், மாட்டுக் கழுத்துப்பட்டை செய்பவரிடம் மிஞ்சிய துண்டு கேட்டுப் பாருங்கள். ஓர் உறைக்கு ஒரு சாண் நீளமும் அதே அகலமும் தாராளமாகப் போதும். முதுகுப் பகுதித் தோலாகப் பார்த்து வாங்குங்கள், வயிற்றுப் பகுதி இழுபட்டுத் தொளதொளக்கும்.

கேள்வி: அளவை எப்படிக் கணக்கிடுவது? காகிதத்தில் சரியாக இருந்தது, தோலில் தைத்ததும் கத்தி உள்ளே போகவில்லை. (போடிநாயக்கனூர்)

பதில்: கத்தியின் தடிமனை நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். பின்பக்கத் தோல் தட்டையாக நிற்க, முன்பக்கத் தோல் மட்டும் கத்தியின் மேல் ஏறி இறங்குவதால், இரண்டு துண்டுகளின் அகலமும் ஒன்றாக இருக்க முடியாது. மடக்கிய நிலையில் 110 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகலம், 15 மி.மீ. தடிமன் உள்ள கத்தியை எடுத்துக்கொள்வோம். முன்துண்டின் அகலம் கத்தியின் அகலம் 35, இருபுறத் தடிமன் 30, தையல் ஓரம் பக்கத்துக்குப் பத்தாக 20, ஆக 85 மி.மீ.; பின்துண்டுக்கு 35, 20 இவற்றோடு தோலின் கனத்துக்காக ஐந்து சேர்த்து 60 மி.மீ. போதும். அடிப்பக்கத்திலும் தடிமனும் தையல் ஓரமும் சேர வேண்டும் என்பதை மறக்கலாகாது. எல்லாப் பக்கமும் ஐந்து மி.மீ. கூட்டியே வெட்டி, தைத்து முடித்த பின் ஓரத்தைச் சீவுவது நல்லது.

பின்துண்டை மேலே நீட்டி விட்டு, அதையே முன்புறம் மடித்து மூடியாக்கிக் கொள்ளலாம். முன்துண்டின் வாயில் பிறைவடிவில் ஒரு சென்டிமீட்டர் குடைந்து விட்டால் கத்தியின் தலையை விரலால் பற்றி எடுக்க வரும். அடியில் ஐந்து மி.மீ. துளை ஒன்று இட்டால் மண்ணும் மழைநீரும் தங்காது. பெல்ட் கோக்கும் வாரை முதலில் பின்துண்டில் தைத்து விட்டுத்தான் முன்துண்டை இணைக்க வேண்டும். பை மூடிய பின் உள்ளே ஊசியைச் செலுத்த இடம் இராது. தோட்டத்துக்குக் காற்சட்டை அணிபவருக்கு 40 மி.மீ. பெல்ட் நுழையும் வளையம் சரியாக இருக்கும். வேட்டியோ கைலியோ கட்டி அதன் மேல் அகலமான பச்சை பெல்ட் அணிபவர், அந்த பெல்ட்டையே அளந்து வளையத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: செருப்புத் தைக்கும் கடையில் மெஷினில் தைத்தால் போதாதா? (கம்பம்)

பதில்: போதும், ஆனால் கையால் தைப்பது கூடுதல் காலம் உழைக்கும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று பற்றி நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியக்கூடும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இருபுறமிருந்தும் செலுத்துகிறோம். ஒரு கண்ணி அறுந்தாலும் அடுத்த கண்ணி பிடித்துக்கொள்ளும். தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்ளுங்கள். சீவிய பின் நிற்க வேண்டிய ஓரத்திலிருந்து நான்கு மி.மீ. உள்ளே கோடு கீறி, ஐந்து மி.மீ. இடைவெளியில் குத்தூசியால் துளையிட்டு, முடிவில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நிறுத்துங்கள். மெழுகு பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர் நூலே ஏற்றது. பருத்தி நூல் இந்த மலைச்சாரலில் விரைவில் மக்கிவிடும்.

மடங்காத கத்தியின் உறையில், அலகு தையலை அறுக்காமல் இருக்க இடையில் ஒரு தோல் பட்டி வைத்துத் தைப்பார்கள். அலகு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் மடக்குக் கத்திக்கு அந்தப் பட்டி தேவையில்லை, உறையைத் தடிப்பாக்குவதே அதனால் விளையும்.

கேள்வி: கத்தியின் வடிவத்துக்கு உறையை எப்படி இறுக்குவது? (குமுளி)

பதில்: தைத்த உறையைச் சாதாரண நீரில் குமிழி அடங்கும் வரை அமிழ்த்தி எடுத்து, மேற்பரப்பின் நிறம் சற்று வெளிறத் தொடங்கும் வரை காத்திருங்கள். பிறகு கத்தியை நெகிழித் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே நுழைத்து, கட்டைவிரலாலும் கரண்டியின் பின்புறத்தாலும் விளிம்புகளைத் தடவி அழுத்துங்கள்; நகம் பட்டால் தடம் நிலைத்துவிடும். அரைநாள் கழித்து, வடிவம் கலையாமல் கத்தியை உருவி எடுத்து, உறையை நிழலில் காய விடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும். நன்கு காய்ந்த பின், மூடியைத் திறந்த நிலையில் உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் கத்தி விழாமல் நிற்குமானால் வேலை சரியாக அமைந்திருக்கிறது. அதன் பிறகே பிரஸ் பட்டன் அடிக்க வேண்டும். முன்பே அடித்தால் மூடியின் நீளம் பொருந்தாமல் போகும்.

கேள்வி: ஆடி மாதம் உறையெல்லாம் பூஞ்சை பிடித்து, கத்தியும் துருவேறிவிட்டது. என்ன செய்யலாம்? (வண்டன்மேடு)

பதில்: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இடுக்கியின் ஈரத்துக்குத் தப்பும் தோல் அரிது. உறை என்பது எடுத்துச் செல்வதற்குத்தானே தவிர, வைத்திருப்பதற்கு அன்று. வீடு திரும்பியதும் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்து, அலகிலும் கீல் முனையிலும் ஒரு துளி எண்ணெய் விட்டுத் தனியே வையுங்கள். பட்டைத் தோலின் துவர்ப்பு ஈரத்தோடு சேரும்போது இரும்பைக் கறுக்கச் செய்யும். பித்தளைப் பகுதியில் பச்சைக் களிம்பு பிடிப்பதும் இதனால்தான். பூஞ்சையை வீட்டுக்கு வெளியே உலர்ந்த துணியால் துடைத்து, சம அளவு நீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்த துணியால் மீண்டும் துடைத்து, காற்றில் உலர்த்துங்கள். முற்றிலும் காய்ந்த பின், தேன்மெழுகோடு சிறிது எண்ணெய் சேர்த்து உருக்கி ஆறவைத்த களிம்பை மெல்லியதாகத் தேய்க்கலாம். எண்ணெயை மட்டும் ஊற்றி ஊறவைப்பவர்கள் உண்டு. அது தோலை மீண்டும் தளரச் செய்து, அழுத்திப் பெற்ற வடிவத்தைக் கெடுத்துவிடும்.

கேள்வி: ட்யூப் ரப்பரில் உறை செய்யலாமா? (உத்தமபாளையம்)

பதில்: அவசரத்துக்குச் செய்யலாம். ரப்பரில் உள்ள கந்தகம் பித்தளையைக் கறுக்க வைக்கும், உள்ளே புகுந்த ஈரமும் வெளியேறாது.

கேள்வி: ஜீப்பில் உட்காரும்போது உறை இடுப்பில் குத்துகிறது. (கம்பம்)

பதில்: வளையத்தை மாற்றி, உறை கிடைமட்டமாக நிற்கும்படி தையுங்கள். வாய் முன்னோக்கி இருக்க வேண்டும். இடம் இடுப்பெலும்புக்குச் சற்று முன்னே. முதுகுப் பக்கம் எக்காரணத்தாலும் வேண்டாம், வழுக்கி விழுந்தால் முதுகெலும்பில் அடிபடும்.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு இதை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதில் சட்டச் சிக்கல் உண்டா? (கூடலூர்)

பதில்: 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ மிஞ்சும் கத்திகளை ஆயுத வகையில் சேர்த்து, வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கான கருவிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. தோட்டத்துக்கான சிறு மடக்குக் கத்தி அந்த வரம்புக்குள் வராது. ஆயினும் திருவிழாக் கூட்டத்திலோ ஊர்வலத்திலோ அதை வெளியே தெரியக் கட்டிச் சென்றால் காவலர் விசாரிப்பதில் தவறில்லை.

காட்டு எல்லையில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே கத்தியும் இடம்பெறுகிறது. எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதை அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு தடை செய்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் மேகமலைக்கும் இது பொருந்தும். சித்திரா பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறுபவர்களும், புல்மேடு வழியாகச் சபரிமலைக்கு நடப்பவர்களும் பெரியாறு காப்பகத்தின் வழியாகவே செல்கிறார்கள் என்பதால், உறையையும் கத்தியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும்.